ஆதி குணசேகரனுக்குத் தனிப் பக்கம் உண்டா?

கேள்வி: 'எதிர்நீச்சல்' தொலைக்காட்சித் தொடரின் ஆதி குணசேகரனைப் பற்றி விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை எழுதலாமா?
– வாசகர், கோட்டாறு

பதில்: தாராளமாக எழுதலாம்! வீட்டுப் பெண்களை வாசல் தாண்டவிடாத அந்த மனிதர், தானே தொடரைத் தாண்டி வெளியே வந்துவிட்டாரே! தனிக் கட்டுரைக்கு அங்கே அளவுகோல் ஒன்றுதான்: தொடருக்குச் சம்பந்தமில்லாத நம்பகமான இதழ்கள் அந்தப் பாத்திரத்தைப் பற்றியே விரிவாக எழுதியிருக்க வேண்டும். எத்தனை வீடுகளில் அவரைத் திட்டினார்கள் என்பது கணக்கில் வராது. 2023 செப்டம்பர் 8 அன்று அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து மறைந்தபோது அஞ்சலிச் செய்திகளில் குணசேகரனும் சேர்ந்தே பேசப்பட்டார். பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடம் ஏற்றதும் ஒப்பீடுகள் கிளம்பின. இயக்குநர் திருச்செல்வம் பாத்திரத்தை வார்த்த விதம், பெண்கள் அதை எதிர்கொண்ட விதம், நடிகர் மாற்றம் ஆகியவைதான் கட்டுரைக்குச் சரக்கு. கதைச்சுருக்கம் மட்டுமே இருந்தால், தொடரின் பக்கத்தில் ஒரு பத்தி போதும். 'கோலங்கள்' தொடரின் அபிக்கும் இதே சட்டம்தான்.

எழுத உட்காரும்போது இன்னொன்றும் செய்யுங்கள். உங்களுக்குப் பக்கத்து இடலாக்குடியில் பிறந்து, 1907இல் சென்னையில் நூறு கவனகம் (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்தும் கலை) நிகழ்த்திய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் பக்கத்துக்கும் நல்ல ஆதாரங்களாகத் தேடிச் சேருங்கள்.