தீவாளி கழியட்டும்

வத்தல் மண்டியில் ஒரு முடிவெடுக்க அண்ணாச்சிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூடையைப் பிரித்து ஒரு கை முண்டு வத்தல் அள்ளினார். காதோரம் வைத்துக் குலுக்கினார். விதை சலசலத்தது. ஒன்றை ஒடித்து மூக்கருகே கொண்டுபோனார். ஒரு தும்மல். "நாப்பதையும் இறக்குங்கப்பா!" பதினொரு விநாடி. தும்மலைக் கழித்தால் ஒன்பது.

அதே அண்ணாச்சி, வீட்டு வளவில் வேப்பமரத்தடியில் நிற்கிற பழைய தண்டர்பேர்டு பைக்கை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இவர் ஒருத்தர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. விருதுநகர், சாத்தூர், திருத்தங்கல், சிவகாசி என்று போனால் தெருவுக்கு ஒருத்தர் தேறுவார். ஒருத்தர் எண்ணெய்க் கடை வைத்திருப்பார், ஒருத்தர் காலண்டர் அச்சாபீஸ், இன்னொருத்தர் பட்டாசுக்கு அட்டைப்பெட்டி சப்ளை. வண்டியும் ஆளுக்கு ஒன்று. சிலரிடம் 2001ல் வந்த எலிமினேட்டர், சிலரிடம் மறுவருஷம் வந்த என்டைசர், பலரிடம் 2005க்குப் பிறகு வந்த அவெஞ்சர். எல்லாம் கைமாறி வந்த குரூஸர்கள். தொழிலில் புலியாக இருப்பவர்கள் வண்டிப் பேச்சை எடுத்தால் மட்டும் பூனையாகி அதன் சீட்டில் ஏறிச் சுருண்டுவிடுவார்கள். மூடைக்கு ஒரு கை வத்தல் மாதிரி, இந்தக் கூட்டத்துக்கு நம் அண்ணாச்சியை மாதிரியாக எடுத்துக்கொள்வோம்.

வண்டி அவர் ஆசைப்பட்டு வந்ததில்லை, பாக்கிக்கு வந்தது. 2019ல் சரக்கு எடுத்த ஒருத்தர் பணம் கட்ட முடியாமல், "இதை வச்சுக்கோங்க அண்ணாச்சி" என்று 2013 மாடல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். 346 சி.சி., 192 கிலோ. அண்ணாச்சி கணக்கில் கிட்டத்தட்ட நாலு சீனி மூடை. அன்று சாயங்காலமே, "ஒரு வாரத்துல தள்ளிவிட்ருவம்" என்றார். தள்ளிவிடுவதற்கு முன் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஏறி உட்கார்ந்தார். அங்கேதான் வினை.

குரூஸரின் சங்கதியே உட்காருகிற விதத்தில்தான் இருக்கிறது. சீட் தாழ்ந்திருக்கும். ஹேண்டில்பார் ஏறி வந்து கைக்கு எட்டும். கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொன்னால் சாய்வு நாற்காலிக்கு இரண்டு சக்கரம். இருபத்தைந்து வருஷமாக மண்டித் திண்ணையில் சம்மணம் போட்டே பழகிய மனுஷர் முதல்முறையாகக் காலை நீட்டி நாலுவழிச் சாலையில் சாத்தூர் வரைக்கும் போனார். இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவே வளைவு நெளிவு அதிகமில்லாத ரோடு. கால் கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு திரும்பிவந்தவர், "இன்னொரு வாரம் பாப்பம்" என்றார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

அதற்காக அதையே ஓட்டுகிறார் என்று அர்த்தமில்லை. மண்டிக்குப் போவது, பேங்குக்குப் போவது, மாதிரிப் பொட்டலம் கொண்டுபோவது, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.தான். முன்னால் ஒரு மூடை, பின்னால் ஒரு மூடை, நடுவில் அண்ணாச்சி. எக்ஸ்.எல். சம்பாதிக்கிறது, தண்டர்பேர்டு சாப்பிடுகிறது. எக்ஸ்.எல்லை ஒருநாளும் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

தண்டர்பேர்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை தனிப் பூசை உண்டு. முதலில் போர்வையை எடுக்க வேண்டும். கவர் வாங்குவது வீண் செலவு என்று சிவகாசி மச்சினன் கடைப் பட்டாசு விளம்பர ஃபிளெக்ஸைத்தான் போர்த்தியிருக்கிறார். அதனால் வருஷம் முழுக்க வண்டி '80 சதவீதத் தள்ளுபடி' என்ற அறிவிப்புக்கு அடியில் நிற்கிறது. உள்ளே இருக்கும் சரக்குக்கு அது பொருந்தாது என்பதை வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். பிறகு டேங்கைத் துடைப்பது, கண்ணாடியைத் துடைப்பது, டேங்கை மறுபடி துடைப்பது. கடைசியில் பட்டனை அமுக்குவார். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி.

இதில் வண்டியின் குற்றம் ஒன்றுமில்லை. நிற்கிற வண்டியில் பேட்டரி தானே வடியும். கார்ப்ரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகி, ஜெட்டின் ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். டயர் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தட்டையாகும். மூன்றுக்கும் ஒரே மருந்து ஓட்டுவதுதான் என்று மெக்கானிக் தம்பி சொல்லிப் பார்த்தான். "ஓட்டினா தேஞ்சுபோகுமேப்பா" என்றார் அண்ணாச்சி. தம்பி என்னைப் பார்த்தான். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

பட்டனை விட்டுவிட்டு உதைக்க ஆரம்பிப்பார். ஏழாவது, எட்டாவது உதையில் வண்டி உறுமும். வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பும். அடுப்படியிலிருந்து மதினியின் குரலும் கிளம்பும். "ஊரே எந்திரிச்சாச்சு, நிப்பாட்டுங்க!"

இதற்கு அண்ணாச்சியிடம் சட்டப்படியான பதில் உண்டு. 175 சி.சி.க்கு மேலான பைக் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பட்டாசுக்கோ வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபல் வரைக்கும் அனுமதி. "உங்க அண்ணன் கடையில விக்கிற ஒத்தை வெடிக்கு 125. எனக்கு 80தான். இது ஒரு சத்தமா?" என்பார். பிறந்த வீட்டை இழுத்தபிறகு அளவுமானி எதற்கும் உதவாது. எஞ்சினை அவரே நிறுத்திவிடுவார்.

மதினியிடம் ஒருநாள் தனியாகக் கேட்டேன், "வண்டியை விக்கச் சொல்றீகளா, வேண்டாங்கிறீகளா?"

"எனக்கென்ன தம்பி. வண்டியும் அவுகளும் ஒண்ணு. ரெண்டுக்கும் ஞாயித்துக்கிழமைதான் உசுரு வரும். அதைக் குடுத்துட்டா அந்த ஒரு நாளும் வராமப் போயிருமோன்னு பாக்கேன்."

வியாபாரி வீட்டில் எதற்கும் கணக்கு உண்டு. வண்டிக்கும் தனிப் பேரேடு போட்டிருக்கிறார். பிள்ளையார் சுழி, லாபம் என்ற தலைப்பு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. பற்றில் பேட்டரி, ஆயில், டியூப், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். 350 சி.சி. வரைக்கும் அடிப்படைப் பிரீமியம் 1,366 ரூபாய், அதைத் தாண்டினால் 2,804. "346ல நிப்பாட்டினான் பாரு, அவன்தான் கெட்டிக்காரன்" என்று இந்த ஒரு வரியைப் படிக்கும்போது மட்டும் முகம் மலரும். போன வருஷம் மொத்தம் 9,540 ரூபாய் செலவு. மீட்டரில் ஓடியது 212 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 45 ரூபாய். சாத்தூர் போய்வந்த கால் கிலோ காராச்சேவு என்ன விலை விழுந்தது என்று நான் வாய்விட்டுக் கணக்குப் போடத் தொடங்கினேன். அண்ணாச்சி பேரேட்டை மூடிவிட்டார். வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு பதிவுதான் கண்ணில் பட்டது. 'ஆடிச் சாரல், குற்றாலம் போய் வந்தது.' தொகை போடும் இடத்தில் ஒரு கோடு.

கணக்கு விற்கச் சொல்கிறது. ஆனால் அண்ணாச்சியிடம் சரித்திரம் இருக்கிறது. "இங்கிலாந்துக்காரன் 1901ல செஞ்ச வண்டி. அவன் ஃபாக்டரியவே மூடிட்டுப் போயிட்டான். 1955ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச நம்மாளு இன்னைக்கு வரைக்கும் கைவிடலையே. வெள்ளைக்காரன் கைவிட்டதை நம்மாளு காப்பாத்துனான். அதை நான் கைவிடணுங்கிறீகளா?" இந்த இடத்தில் எதிர்த்துப் பேசினால் நாம் வெள்ளைக்காரன் பக்கம் ஆகிவிடுவோம்.

விலை நிலவரமும் அவருக்கு அத்துப்படி. 2020ல் கம்பெனி தண்டர்பேர்டை நிறுத்திவிட்டு மீட்டியரைக் கொண்டுவந்தது. "வரத்து நின்னுபோச்சு. இனி விலை ஏறும். ஏறுற சரக்கை எவனாவது விப்பானா?" என்றார். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி, 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டியே விலை குறைந்ததும் பழைய வண்டியும் கூடவே இறங்கியது. "இறங்கின நேரத்துல எவனாவது விப்பானா?" என்றார். ஏறினாலும் விற்கக் கூடாது, இறங்கினாலும் விற்கக் கூடாது. வத்தலை இப்படி வைத்திருந்தால் மண்டி எப்போதோ கரையான் புற்றாகியிருக்கும்.

ஹார்லி டேவிட்சன்காரன் 2020ல் இந்தியாவில் வண்டி செய்வதையே நிறுத்துவதாக ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டுப் போனான். அதைச் சொல்லிக் காட்டினேன். "அவனுக்கு வளவு இல்லை. நிப்பாட்ட எடமில்லாதவன் என்ன செய்வான்?" என்றார்.

இத்தனைக்கும் இது முடிவெடுக்கத் தயங்குகிற மண் இல்லை. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, மறுவருஷமே ஊரில் தொடங்கிவிட்டார்கள். அதே 1923ல்தான் விருதுபட்டி விருதுநகர் ஆனது. ஓர் ஊரே பேர் மாறிக்கொண்டது. ஆர்.சி.யில் ஒரு பேரை மாற்ற அண்ணாச்சிக்கு ஆகவில்லை. பேர்மாற்றத்துக்கான 29ஆம் நம்பர் படிவமும் 30ஆம் நம்பர் படிவமும் கையெழுத்தோடு மேஜை டிராயரில் தயாராக இருக்கின்றன. தேதி போடுகிற இடம் மட்டும் காலி. காகிதம் பழுத்துவிட்டது.

போன ஆவணியில் மெய்யாகவே ஓர் ஆள் வந்தான். சிவகாசியில் பட்டாசுக் கடையில் கணக்கெழுதுகிற தம்பி. அதற்கு முன்னாலும் பலர் வந்ததுண்டு. "அருமையான வண்டிண்ணாச்சி, ராஜா மாதிரி நிக்குது" என்று புகழ்ந்து டீ குடித்துவிட்டுப் போனவர்கள். அவர்களைப் பற்றி அண்ணாச்சிக்குப் பயமே இருந்ததில்லை. சரக்கைப் புகழ்கிறவன் வாங்கமாட்டான், குறை சொல்கிறவன்தான் வாங்குவான் என்பது மண்டியில் பாலபாடம்.

சிவகாசித் தம்பி குனிந்து செயினைப் பார்த்தான். "தொய்ஞ்சிருக்கு." சைலன்சரை விரலால் தடவினான். "துரு." பின் டயரை அமுக்கினான். "மாத்தணும்." அண்ணாச்சியின் முகம் வெளிறியது. வாங்குகிற ஆள் வந்துவிட்டான்!

அன்று நான் பார்த்ததை எந்த மண்டியிலும் பார்த்ததில்லை. விற்கிறவரே சரக்கின் குறையைச் சொல்லத் தொடங்கினார். "பேட்டரி நிக்காது தம்பி. காலையில எட்டு உதை உதைக்கணும். டேங்க் இருவது லிட்டர், ரொப்பிக் கட்டுப்படியாகாது. 2028ல பதினஞ்சு வருசம் முடிஞ்சிரும், ரெனிவலுக்கு அலையணும். உன் வயசுக்கு முழங்கால் போயிரும்." ஒன்றையும் விடவில்லை.

தம்பி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இம்புட்டு நேர்மையாச் சொல்ற ஆளை நான் பாத்ததே இல்லண்ணாச்சி. வேற யாருகிட்டயும் வண்டி வாங்கமாட்டேன். அறுபத்தஞ்சு. அட்வான்ஸ் இந்தாங்க."

நேர்மை இப்படியும் ஒரு மனுஷரைக் காட்டிக்கொடுக்கும். அண்ணாச்சி நீட்டிய ரூபாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபிளெக்ஸைப் பார்த்தார். அங்கே கம்பிமத்தாப்பும் சங்குசக்கரமும் சிரித்துக்கொண்டிருந்தன. ஒரு வெளிச்சம் கிடைத்தது.

"தீவாளி கழியட்டும் தம்பி."

இந்தப் பக்கத்து ஆளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கடன் கேட்டால் தீவாளி கழியட்டும், கடனைத் திருப்பிக் கேட்டாலும் தீவாளி கழியட்டும். கல்யாணப் பேச்சு, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, பல் பிடுங்குவது எல்லாமே தீவாளி கழிந்துதான். ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போட்டுப் பட்டாசு வியாபாரம் தொடங்கினால் அந்த ஒரு நாள் வரைக்கும் யாருக்கும் நிற்க நேரமிருக்காது. தம்பியும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டுப் போனான். வரி குறைந்ததும் போன் செய்து, "புதுசே குறைஞ்சுபோச்சுண்ணாச்சி, அம்பத்தஞ்சுன்னா எடுத்துக்கிறேன்" என்றான். அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! விலை பேசி முறிந்தது என்றால் வியாபாரிக்கு அது கௌரவமான முடிவு.

அதன்பிறகு ஒரு சோதனை வந்தது. மருமகன் குற்றாலம் போக வண்டியைக் கேட்டு எடுத்துப்போய், அப்படியே பதினைந்து நாள் வைத்துக்கொண்டான். சாயங்காலம் டீக்கடைப் பெஞ்சுக்கு அண்ணாச்சி வந்தார். நாங்கள் நாலு பேர் இருந்தோம். பேச ஒன்றுமில்லை. ஒருத்தர் மழையைப் பற்றிச் சொன்னார். அதுவும் பெய்யவில்லை. இடம் காலியாகக் கிடக்கிறதே என்று வேப்பமரத்தடியில் மதினி வடகம் காயப்போட்டுவிட்டதாகச் சொன்னார். அதைச் சொன்ன குரலில் துக்கம் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, ஆறு வருஷமாக அவர் ஓட்டிக்கொண்டிருந்தது வண்டியை இல்லை, அந்த யோசனையை. அதற்குப் பெட்ரோல் வேண்டாம், பேட்டரி வேண்டாம். தினமும் ஸ்டார்ட் ஆகும். நாங்கள் நாலு பேரும் பின்னால் ஏறிக்கொள்ளலாம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டிச் சத்தம். சிவகாசித் தம்பி, பழைய அவெஞ்சர் ஒன்றில் காலை நீட்டிக்கொண்டு வந்து இறங்கினான். தை மாதம் வாங்கினானாம். கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். கடைக்கு எக்ஸ்.எல்.லதான் போறேன். இது சும்மாதான் நிக்குது. வச்சுக்கிறவா, குடுத்துரவா?"

அண்ணாச்சி தண்டர்பேர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவெஞ்சரைச் சுற்றி ஒரு தடவை வந்தார். சீட்டை ஒரு தட்டுத் தட்டினார். காதைக் கொடுத்து எஞ்சினைக் கேட்டார்.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? ஓட்டாத வண்டி வீட்டுக்கு ஆகாது. நாளைக்கே குடுத்துரு."

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு விநாடி. இந்தத் தடவை தும்மல் இல்லை.

"அப்ப உங்க வண்டியண்ணாச்சி?" என்றான் தம்பி.

அண்ணாச்சி தோளில் கிடந்த துணியை எடுத்தார். டேங்கை மறுபடி ஒரு தடவை துடைத்தார்.

"பங்குனிப் பொங்கல் வருதுல்ல. மாரியம்மன் பொங்கல் கழியட்டும்."