மோட்டார் ஓடலையா, மருமகனே?

வா மருமகனே, திண்ணையில உக்காரு. ஆர்மோனியத்தை மூடி வச்சுட்டியாமே? அதுமேல இஸ்திரி போட்ட வேட்டிகளை அடுக்கியிருக்கேன்னு உம் பொண்டாட்டி போன்ல சொன்னா. 18,000 ரூபா குடுத்து வாங்கின பெட்டி. வேட்டியாவது மடிப்புக் கலையாம இருக்கட்டும்.

சரளி வரிசையில மூணாவதோட நின்னுட்டியாம். கேட்டா மோட்டிவேஷன் போயிருச்சுங்கிறே. அத்தைக்கு அந்த வார்த்தை புதுசா, கிணத்து மோட்டார்லதான் காயில் போயிருச்சோன்னு பதறிட்டேன். காலையில எந்திரிச்சதும் செல்போன்ல எவனோ கோட்டுப் போட்டவன் ‘உன்னால் முடியும்’னு கத்துறதை ஒரு மணி நேரம் கேக்குறியாமே? அந்த நேரத்துக்குத் துருத்தியை அமுக்கியிருந்தா இந்நேரம் ஜண்டை வரிசைக்கு வந்திருப்பே. அவனுக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டியா?

1992 ஞாபகம் இருக்கா? நம்ம புதுக்கோட்டை ஜில்லா பூரா அறிவொளி இயக்கம் நடந்த சமயம். ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரு. எழுத்துப் படிக்க வாங்கன்னாங்க, போனோம். போன இடத்துல சைக்கிளும் ஓட்டுங்கன்னாங்க. பேரெழுதத் தெரிஞ்சு என்ன, பக்கத்து ஊருக்குப் போறதுக்கு அண்ணன் தம்பி மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கிறதுதானே பொம்பளைங்க பொழப்பா இருந்துச்சு. லேடீஸ் சைக்கிளு தட்டுப்பாடு. ஆம்பளை சைக்கிள்லயே ஏறிட்டோம். முன்னால இருக்குற மட்டக்கம்பி, சின்னப்புள்ளையை உக்கார வைக்கத் தோதா இருந்துச்சுன்னு வச்சுக்க. அந்த வருஷம் மகளிர் தினத்தன்னிக்கு 1,500 பேருக்கு மேல கொடி கட்டின சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டு டவுனுக்குள்ள போனாங்க. கத்துக்கிட்டவங்க கணக்கு ஜில்லாவுல ஒரு லட்சத்தைத் தாண்டுச்சு.

எனக்கு அப்ப 38 வயசு. கொசுவத்தை இழுத்துச் சொருகிக்கிட்டு முத நாளு கோயில் பொட்டல்ல ஏறுறேன். பின்னால கேரியரைப் புடிச்சது என் நாத்தனா. ‘புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்’னு சொல்லிக்கிட்டே விட்டுட்டா, பாவி. நேராப் போயி கருவேலம் புதருக்குள்ள உக்காந்தேன். அரிக்கேன் வெளிச்சத்துல நாலு பேரு முள்ளு எடுத்தாங்க. எதிர்ல டீக்கடை பெஞ்சுல எளவட்டப் பயலுக கூட்டம், விழுந்து விழுந்து சிரிப்பு. அதுல ஒருத்தனுக்கு உன்னை மாதிரியே முன்பல்லு ரெண்டும் தூக்கலா இருந்துச்சு. சரி, அது யாரோ!

அன்னிக்கு எனக்கு ஆர்வம் இருந்துச்சான்னு கேளு. சீலையில கிழிசல்தான் இருந்துச்சு. பெறகு ஏன் மறுநாளும் போனேங்கிறே? ரேஷன் கடை மூணு மைலு. மண்ணெண்ணெய் டின்னைச் சுமந்து சுமந்து இடுப்பு காய்ச்சுப்போச்சு. அதுக்கு மேல, நாத்தனாக்காரி எனக்கு முன்னால கத்துக்கிட்டா, ஆயுசுக்கும் நான் அந்தப் பீத்தலைக் கேக்கணும். இந்த ரெண்டும்தான் என்னைச் சைக்கிள்ல ஏத்துச்சு. ஆர்வங்கிறது கன்னுக்குட்டி மாதிரி. பசு நாலு எட்டு வச்சாத்தான் பின்னால துள்ளிக்கிட்டு வரும். நீ கன்னுக்குட்டியை முன்னால விட்டுட்டுப் பசுவைக் காங்கலைன்னு தேடிக்கிட்டு இருக்கே.

உண்மையைச் சொல்லட்டுமா? முப்பது வருஷம் ஆபீஸ்ல பச்சை மையில கையெழுத்துப் போட்டே. நீ வந்தா நாலு பேரு எந்திரிச்சு நின்னாங்க. இப்ப பாட்டுக் கிளாசுல எட்டு வயசுப் புள்ள பக்கத்துல உக்காந்து ‘தாத்தா, ரி தப்பு’ங்குது. அங்கதான் குத்துது உனக்கு. அந்தப் புள்ளையும் நாளைக்கு நாப்பது தப்பு பண்ணும். அதுக்கு மானமும் போகாது, பென்ஷனும் போகாது. உனக்கும் பென்ஷன் போகப்போறதில்ல.

ஆலப்புழைப் பக்கம் கார்த்தியாயினி அம்மான்னு ஒரு கிழவி இருந்துச்சு. கோயில்ல கூட்டிப் பெருக்கின கையி. 2018ல, 96 வயசுல, எழுத்தறிவுப் பரிச்சை எழுதி 100க்கு 98 வாங்குச்சு. பேப்பர்ல வந்த அன்னிக்கு நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். என் கவலையெல்லாம் அந்த ரெண்டு மார்க்கு எங்க போச்சுங்கிறதுதான். உனக்கு வயசு 58. மூணாவது சரளியிலயே மூட்டு வலிங்கிறே. அதுக்குள்ளயா விரல்ல மூட்டு வலி?

ஒரு மணி நேரமெல்லாம் வேணாம். காலையில கால் மணி, அம்புட்டுத்தான். வாசிச்ச சத்தம் கேட்டாத்தான் காப்பின்னு உம் பொண்டாட்டிகிட்டச் சொல்லியாச்சு. அவ ரொம்ப நாளா இப்படி ஒரு உத்தரவுக்குத்தான் காத்திருந்தா போல, உடனே சரின்னுட்டா.

இன்னொண்ணு. மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் வாசிச்சவரு மகன்கூட மெட்ராசுக்குப் போயிட்டாரு. ஆள் இல்லைன்னு கோயில்ல ஒரே பொலம்பல். எங்க மருமகன் இருக்கான்னு சொல்லிட்டேன். பயப்படாதே, விடியக்காலம் நாலரை மணி. கோஷ்டியில பாதிப்பேரு தூக்கக் கலக்கம், மீதிப்பேருக்குக் காது மந்தம். ச-வும் ப-வும் புடிச்சுக்கிட்டு நின்னாலே அவங்க பாடி முடிச்சிருவாங்க. நோட்டீசும் அச்சுக்குப் போயிருச்சு, உம் பேரோட. இன்னும் முப்பது நாளு இருக்கு.

எங்க எந்திரிக்கிறே? காப்பி குடிச்சுட்டுப் போ. போனதும் பெட்டிமேல இருக்குற வேட்டியில நல்லதா ஒண்ணு எடுத்துத் தனியா வையி, பஜனைக்குக் கட்டிக்கிட்டு வரணும்ல.