சக்கர வீடும் செவ்விலையும்

கே: நியூ இங்கிலாந்தில் இலை சிவக்கும் தேதியைச் சொல்லுங்கள், லீவுக்கு இன்றே எழுதிக் கொடுக்கிறேன்.
(டல்லாஸ் வாசகர்)

ப: மரம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, தம்பி. வடக்கு வெர்மாண்ட் மலைகளில் செப்டம்பர் கடைசியில் தொடங்கும். கனெக்டிகட் கடற்கரைக்கு வந்து சேர அக்டோபர் கடைசி ஆகும். நிறம் வடக்கிலிருந்து தெற்கே நடக்கும், மலையிலிருந்து மடுவுக்கு இறங்கும். அக்டோபர் முதல் பத்து நாளில் ஒரு வாரம் கேளுங்கள். சீக்கிரம் போய்விட்டீர்களா, மேலே ஏறுங்கள். தாமதமா, தெற்கே இறங்குங்கள். வீட்டுக்குச் சக்கரம் வைத்ததே அதற்குத்தானே!

கே: இலை ஏன் நிறம் மாறுகிறது? ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.
(எடிசன் வாசகி)

ப: மஞ்சள் புதிதாக வருவதே இல்லை. கோடை முழுக்க இலைக்குள் இருந்ததுதான். பச்சையம் அதை மறைத்துக்கொண்டு நின்றது. பகல் குறுகியதும் பச்சையம் சிதைகிறது, மஞ்சள் முகம் காட்டுகிறது. சிவப்பு வேறு கதை. காம்பின் அடியில் தக்கைபோல ஓர் அடுக்கு வளர்ந்து வழியை அடைக்கிறது. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற சிவப்பு உருவாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர், இரண்டும் வாய்த்தால் சிவப்பு அள்ளும். மஞ்சள் பூர்வீகச் சொத்து. சிவப்பு கடைசி மாதச் சம்பாத்தியம். பையனிடம் இப்படியே சொல்லுங்கள்.

கே: நம்மூர் மரங்களுக்கு ஏன் இந்தக் கொடுப்பினை இல்லை?
(கும்பகோணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த தந்தை)

ப: யார் சொன்னது, ஐயா? உங்கள் தெரு வாதுமை மரத்தைக் கேளுங்கள். உதிர்வதற்கு முன் ரத்தச் சிவப்பாகிவிட்டுத்தான் விழும். நம் மரங்கள் பலவும் இலையைக் கொட்டுவது வறட்சிக்குப் பயந்து. இங்கே குளிருக்குப் பயந்து. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது வகுத்தவர்கள் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று வைக்கவில்லை. வெர்மாண்டைப் பார்த்திருந்தால் ஏழாவதாகச் சேர்த்திருப்பார்கள்.

கே: எட்டுப் பேர் போகிறோம். 34 அடி நீளச் சக்கர வீடு (ஆர்.வி.) போதுமா?
(சிகாகோ வாசகர்)

ப: எட்டுப் பேருக்குப் போதும். சாலைக்கு அதிகம். மலைப்பக்கத்துப் பழைய கேம்ப்கிரவுண்டுகளில் பல இடங்கள் சின்ன வண்டிகளின் காலத்தில் வெட்டியவை. 25 அடி வண்டி ஒன்றும் கூடவே ஒரு காரும் எடுங்கள். ஆர்.வி. தூங்க, கார் சுற்ற. பெரியதை ஓட்டிக்கொண்டே ஊர் பார்ப்பேன் என்பது கல்யாண மண்டபத்தைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளை அழைப்புக்குப் போவது மாதிரி.

கே: ஜி.பி.எஸ். காட்டிய வழியில் போனால் போதாதா?
(டெட்ராய்ட் வாசகர்)

ப: கார் ஜி.பி.எஸ்.ஸுக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. வெர்மாண்டில் ஸ்டோவ் அருகே 108ஆம் எண் சாலை, ஸ்மக்லர்ஸ் நாட்ச் என்ற கணவாய் வழியே போகிறது. பாறைகளுக்கு நடுவே ஊசி நுழையும் வளைவுகள். 1807இல் ஜெஃபர்சன் அரசு வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை போட்டபோது, கனடாவுக்குச் சரக்கு கடத்தியவர்கள் புகுந்து புறப்பட்ட வழி. பெயரும் அப்படி வந்ததுதான். பெரிய வண்டிக்கு அங்கே தடை. மீறி நுழைந்து மாட்டிக்கொள்ளும் லாரிகள் வருடந்தோறும் உண்டு. கடத்தல்காரர்கள் சரக்கோடு தப்பினார்கள். நீங்கள் இழுவை வண்டியோடு திரும்ப வேண்டியிருக்கும்.

கே: நியூயார்க்கிலிருந்து கிளம்புகிறோம். பார்க்வேயில் போகலாம் என்கிறார் கணவர்.
(குவீன்ஸ் வாசகி)

ப: கணவரை நிறுத்துங்கள். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் 8 அடிக்கு மேல் உயரமான வண்டிக்கு இடமில்லை. உங்கள் ஆர்.வி. 11, 12 அடி இருக்கும். நியூயார்க் பார்க்வேக்களிலும் இதே கதைதான். பாஸ்டனில் ஸ்டாரோ டிரைவின் தாழ்வான பாலங்களில் லாரிகள் இடித்து இடித்து, அந்தச் சாலையின் பெயரே ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது. வண்டி உயரத்தை ஒரு சீட்டில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். ஏ.சி.யையும் சேர்த்து அளக்க வேண்டும்.

கே: வெர்மாண்டின் கூரை போட்ட மரப்பாலத்துக்குள் ஆர்.வி.யை நிறுத்தி ஒரு போட்டோ?
(சான் ஹோசே வாசகர்)

ப: ஆர்.வி. வெளியே, நீங்கள் உள்ளே. அப்படித்தான் எடுக்க முடியும். நியூ ஹாம்ப்ஷயரையும் வெர்மாண்டையும் இணைக்கும் கார்னிஷ்–வின்ட்சர் பாலம் 1866இல் கட்டியது. குதிரையை நடத்திப் போ, இல்லையேல் இரண்டு டாலர் அபராதம் என்று முகப்பில் பலகை இன்றும் தொங்குகிறது. குதிரையையே ஓடவிடாத பாலம், உங்கள் வீட்டை விடுமா?

கே: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. ஒரே ஒரு சாலை சொல்லுங்கள்.
(பாஸ்டன் வாசகி)

ப: கான்கமாகஸ். யோசிக்காமல் சொல்கிறேன், அம்மா. நியூ ஹாம்ப்ஷயரில் லிங்கனுக்கும் கான்வேக்கும் நடுவே சுமார் 34 மைல், ஒயிட் மவுன்டன் தேசிய வனத்துக்குள்ளே. பெயர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பென்னகூக் பழங்குடித் தலைவருடையது. வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, செல்போன் பெரும்பாலும் ஊமை. டேங்கையும் தயிர்சாத டப்பாவையும் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

விடிந்ததும் கான்வே பக்கமிருந்து கிளம்பினால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஓட்டுகிறவர் கண் கூசாது. ஆனால் இறங்கியதும் திரும்பி நில்லுங்கள். இலைக்குப் பின்னால் வெயில் இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு மேப்பிள் இலையும் திரி ஏற்றிய அகல் மாதிரி உள்ளிருந்து எரியும். ஸ்விஃப்ட் ஆற்றங்கரையில் அரை மணி உட்காருங்கள். பாறையில் தண்ணீர், தண்ணீரில் சிவப்பு. 2,855 அடி உச்சியைத் தாண்டி இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், கீழ் கியரில் வாருங்கள். கருகும் வாசனை பிரேக்கிலிருந்து வந்தால் காட்டை ரசிக்க முடியாது.

கே: மவுன்ட் வாஷிங்டன் உச்சிக்கு வண்டியோடு ஏறலாமா?
(ஹூஸ்டன் வாசகர்)

ப: 1861 முதல் சாலை இருக்கிறது, ஆர்.வி.க்கு இல்லை. பக்கத்திலேயே பல்சக்கர ரயில், 1869இலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அதில் போங்கள். 1934 ஏப்ரல் 12 அன்று அந்த உச்சியில் மணிக்கு 231 மைல் காற்று பதிவானது. தொப்பி வைத்துக்கொள்ள வேண்டாம்.

கே: அகேடியா தேசியப் பூங்கா?
(ராலே வாசகர், சிக்கனக்காரர்)

ப: போகலாம். காடிலாக் மலைச் சாலையில் 21 அடி நீளத்துக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். காருக்கும் அக்டோபர் வரை முன்பதிவு வேண்டும். பூங்காவின் கல்பாலங்களில் ஒன்றின் உயரம் 10 அடி 4 அங்குலம்தான். ஆர்.வி.யைக் கேம்ப்கிரவுண்டில் கட்டிப்போட்டுவிட்டு இலவசப் பேருந்தில் ஏறுங்கள். அக்டோபர் நடுவில் சேவை முடிந்துவிடும். இலவசம் என்றதும் உங்கள் முகம் மலர்வது இங்கே தெரிகிறது.

கே: நாங்கள் அட்லாண்டா. அவ்வளவு வடக்கே போக வேண்டுமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

ப: வேண்டவே வேண்டாம். ப்ளூ ரிட்ஜ் பார்க்வே பக்கத்திலேயே இருக்கிறது. 469 மைல், மணிக்கு 45 மைல் வேக வரம்பு, சுங்கம் இல்லை. இந்தப் பார்க்வேயில் ஆர்.வி. போகலாம், 26 சுரங்கங்களின் உயரத்தை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த இடம் 650 அடி, உயர்ந்தது 6,000 அடிக்கு மேல். அதனால் நிறம் மேலிருந்து கீழே வாரக்கணக்கில் படியிறங்கும். 2024 ஹெலீன் புயல் வட கரோலைனாப் பகுதியைப் பிய்த்துப் போட்டது. எந்தெந்தத் துண்டு திறந்திருக்கிறது என்று பூங்காத் துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கே: கழிவு டேங்கை யார் காலி செய்வது என்று வீட்டில் சண்டை.
(ஃபீனிக்ஸ் வாசகர்)

ப: ஓட்டுகிறவர் செய்யக்கூடாது, ரூட் போட்டவர் செய்யட்டும். முறை முக்கியம்: கையுறை போடுங்கள், முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது தண்ணீர் குழாயை அலசிவிடும். மாற்றிச் செய்தால் சண்டை ஊர்வரை தொடரும்.

கே: ஆர்.வி.க்குள் சாம்பாருக்குத் தாளிக்கலாமா?
(சியாட்டில் வாசகி)

ப: வற்றல் மிளகாய் எண்ணெயில் விழுந்த மறுநொடி புகை அலாரம் பாடும். அதைக் கழற்றி வைக்காதீர்கள். பக்கத்திலேயே கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கும், இரண்டும் உயிர்க்காவல். வெளியே சின்ன அடுப்பு வைத்துத் தாளியுங்கள். சாப்பிட்டதும் பாத்திரம் முதல் பருக்கை வரை உள்ளே எடுத்துவிடுங்கள். கரடிக்குப் பெருங்காயம் பிடிக்குமா என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கே: எங்கள் ஊரில் விறகு மலிவு. நாலு கட்டு எடுத்துப் போகட்டுமா?
(ஒஹாயோ வாசகர்)

ப: ஒரு குச்சிகூட வேண்டாம். எமரால்ட் ஆஷ் போரர் என்ற மரகத வண்டு 2002இல் மிச்சிகனில் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போய்விட்டன. வண்டு தானாகப் பறந்தது கொஞ்சம். விறகுக் கட்டில் ஏறிப் போனது வெகுதூரம். 2018இல் வெர்மாண்டுக்கும் வந்துவிட்டது. பதப்படுத்தாத வெளி மாநில விறகுக்கு அங்கே சட்டப்படித் தடை. மரம் பார்க்கப் போகிறவர் மரத்துக்கு எமனைக் கூட்டிப் போகலாமா? இதில் எனக்கு விளையாட்டே கிடையாது.

கே: கொலம்பஸ் தின வார இறுதியில் போனால் கூட்டமாக இருக்குமா?
(ஃபிலடெல்ஃபியா வாசகர்)

ப: அக்டோபர் இரண்டாம் திங்கள். அதே நாளில்தான் கனடாவில் நன்றி தெரிவிக்கும் நாள். இரண்டு நாட்டுக்கும் லீவு, சாலை ஒன்றுதான். செவ்வாயன்று போங்கள். அந்த வார இறுதியோடு பல கேம்ப்கிரவுண்டுகள் மூடிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: வெர்மாண்டில் ஒரு பண்ணை, இன்ஸ்டாகிராமில் பார்த்தேன். வாசலில் நின்று படம் எடுத்தால் என்ன?
(நாஷ்வில் வாசகி)

ப: அது ஒருவர் குடியிருக்கும் வீடு, அம்மா. பாம்ஃப்ரெட் என்ற சிற்றூரில் படமெடுக்க வந்தவர்களின் தொல்லை தாங்காமல் 2023 இலையுதிர் காலத்தில் வெளியூர் வண்டிகளுக்குச் சாலையையே மூடினார்கள். நம் வீட்டு வாசல் கோலத்தில் நாற்பது பேர் நின்று செல்ஃபி எடுத்தால் பொறுப்போமா?

கே: போகும்போதே மேப்பிள் சிரப் காய்ச்சுவதையும் பார்த்துவிடலாமா?
(ஆஸ்டின் வாசகர்)

ப: வாங்கலாம், பார்க்க முடியாது. காய்ச்சுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இலையே இல்லாத காலத்தில். ஏறத்தாழ 40 காலன் மரநீர் சுண்டி ஒரு காலன் சிரப். விலை கேட்டு முணுமுணுக்காதீர்கள்.

கே: நவராத்திரியும் அதே சமயம் வருகிறதே. கொலுவை விட மனமில்லை.
(சார்லட் வாசகி)

ப: ஆர்.வி.யின் சாப்பாட்டு மேசையில் ஒரு படி, மூன்று பொம்மை, நிறுத்தும்போது மட்டும். சுண்டலுக்குப் பக்கத்து வண்டிக்காரர்களைக் கூப்பிடுங்கள். பாஸ்டனுக்கு மேற்கே ஆஷ்லண்டில் லட்சுமி கோயிலும் வழியோடு இருக்கிறது.

கே: போய்ச் சேர்வதற்குள் மழையடித்து இலையெல்லாம் கொட்டிவிட்டால்?
(கவலைக்காரர், டாம்பா)

ப: மேப்பிள் போனால் ஓக்கும் பீச்சும் செம்புநிறத்தில் காத்திருக்கும். அதற்கும் பிந்தினால் டாமரக். ஊசியிலை மரமாக இருந்தும் குளிருக்கு முன் தங்கமாகி முழுக்க உதிர்க்கும் மரம். அது தெரியாமல் செத்த மரம் என்று நினைத்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு. நீங்கள் வருத்தப்படாதீர்கள், நின்று பாருங்கள்.

கே: உதிர்கிற இலையைப் பார்க்க இத்தனை டாலரா?
(மருமகளுடன் போகவிருக்கும் மாமியார், மயிலாப்பூர்)

ப: காலனுக்குப் பத்து மைல் கொடுத்தாலே பெரிது என்கிற வண்டி, செலவுதான், அம்மா. ஆனால் கிளம்புங்கள். அறுபது வருடம் வாசலில் உதிர்ந்ததைப் பெருக்கித் தள்ளிய கைகள் உங்களுடையவை. ஒரு வாரமாவது அதை நிமிர்ந்து பாருங்கள். துடைப்பத்தை மருமகளிடமும் கொடுக்க வேண்டாம்.

கே: தாத்தா, ஒரு சிவப்பு இலை எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா?
(ஏழு வயது வாசகி, எடிசன்)

ப: தேசியப் பூங்காவில் விழுந்த இலையும் பூங்காவுக்கே சொந்தம், கண்ணு. உங்கள் தெரு மேப்பிளில் ஒன்று பொறுக்கு. இரண்டு வாரம் யாரும் திறக்காத தடித்த புத்தகம் ஒன்று வேண்டும். அப்பா அலமாரியில் நிறைய இருக்கும்.