சொட்டும் இறக்கமும்: ஆம்னி வேனின் ஆயில் ஒழுகல் குறித்து ஓர் ஆய்வு

ஆம்னி வேனைப் பற்றி நம்மவர்கள் பேசியதெல்லாம் சினிமாவில் அது ஆள் கடத்தப் பயன்பட்டதோடு நின்றுவிடுகிறது. தள்ளித் திறக்கும் அந்தப் பக்கக் கதவுக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட முன் சீட்டுக்கு அடியில் கிடக்கும் இன்ஜினுக்குக் கிடைக்கவில்லை. அந்த இன்ஜினிலிருந்து இரவெல்லாம் தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கும் சொட்டை ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அக்குறையை ஓரளவு களையவே இக்கட்டுரை.

ஆய்வெல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வோம். 1984-இல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நின்ற வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழே நீளவாக்கில் கிடக்கும். அதன் முதுகில் கியர்பாக்ஸ். அங்கிருந்து நீண்ட ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சுழற்சி. சீட்டைத் தூக்கினால் டேப்பட் கவர் வரை கை எட்டும். ஆகவே இன்ஜினின் மேல்பாதி குறித்து ஆய்வாளருக்குப் புகார் எதுவும் இல்லை. கீழ்ப்பாதியும் பின்பாதியுமே சிக்கல். ஆயிலும் அதை அறிந்ததுபோலக் கீழேயும் பின்னேயும்தான் ஒழுகுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. கசிந்த ஆயில் தன் எடையால் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். மேலே முன்பக்கம் டேப்பட் கவர் பேக்கிங்கில் பிறந்த ஆயில் பிளாக்கின் பக்கவாட்டில் வழிந்து, அடியிலுள்ள ஆயில் சேம்பரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்து, கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் போய்ச் சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, “பின் சீல் போயிடுச்சு சார், இறக்கணும்” என்று சொல்பவர், தெருமுனையில் தண்ணீர் தேங்கியிருப்பதைக் கண்டு முனை வீட்டுக்காரரைத் திட்டுபவர்.

ஆகவே ஆய்வு முறையியல் இன்றியமையாதது. இன்ஜினை டீசல் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்கெல்லாம் போகக் கழுவிக் காயவிட வேண்டும். பின் சந்தேகமுள்ள இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவ வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து சூடேறவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பரப்பில் எங்கே முதலில் ஈரம் பூத்துக் கறுக்கிறதோ அதுவே ஊற்றுக்கண். பட்டறையில் இதைச் செய்யும்போது ஏதோ குழந்தையைக் குளிப்பாட்டியதுபோல வாசனை வரும். மூக்கு இந்த ஆய்வில் முதன்மைக் கருவி என்பதையும் இங்கேயே பதிவு செய்யலாம். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டுவது இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா? இரண்டும் ஒரே வழியாகத்தான் வரும். விரலில் தொட்டு முகர்ந்து, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். குற்றவாளி கியர்பாக்ஸின் முன் சீல். நெடி இல்லாமல் கறுப்பாக இருந்தால் கிராங்க் சீல். மருந்து வாடை, கிருமிநாசினி வாடை என்று மூக்கால் உலகத்தைப் பிரித்தறியும் நம் மக்களுக்கு இது புதிதல்ல.

இனி அளவியல். மருந்துக்கடைக் கணக்கில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லி. ஆயில் கம்பியில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர் என்று கொண்டால், இரண்டு வாரத்தில் வண்டி கீழ்க்கோட்டைத் தொடும். இது தாளில் போட்ட கணக்கு. மெய்யில் ஆயில் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது. மேலும் இன்ஜின் ஆறியபின் ஒழுகல் குறைந்துவிடும். இந்த இரண்டு சலுகைகளையும் நம்பித்தான் வேன் உரிமையாளர்கள் வருடக்கணக்கில் அடியில் அட்டை விரித்து, அட்டை ஊறினால் அட்டையை மாற்றி, அவ்வப்போது அரை லிட்டர் ஊற்றிக் காலம் தள்ளுகிறார்கள். இவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் பார்க்கிங் தரைக்குப் புதிதாக டைல்ஸ் போடும் வரை இது நிலையான பொருளாதாரமே. கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டு, மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தி வண்டி நகராமல், கருகல் நாற்றம் வரும் நாளில்தான் இந்தப் பொருளாதாரம் உடைகிறது.

இறக்கத்துக்கு முன் செய்யவேண்டிய ஒரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இக்கட்டுரையில் உருப்படியான பத்தி ஒன்று உண்டென்றால் இதுதான். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் கூடும். பட்டறை மொழியில் ‘பேக் கம்ப்ரஷன்’. அந்த அழுத்தம் வெளியேறத்தான் பிரீதர் ஹோஸ் இருக்கிறது. ஹோஸில் கசடு அடைத்துக்கொண்டால் அழுத்தம் வேறு வழி தேடும். இருக்கிற வழிகளில் ஆயில் சீலின் உதடுதான் மெலிந்தது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை அடித்தால், எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். முதலில் ஹோஸைச் சுத்தம் செய்யவேண்டும். செலவில்லாத வேலை என்பதால் இதற்குப் பட்டறைகளில் மதிப்புக் குறைவு.

இனி கொள்கைப் பூசல். சீலையோ சேம்பர் பேக்கிங்கையோ மாற்ற வழி எது என்பதில் மூன்று சாரார் உள்ளனர். கியர்பாக்ஸை மட்டும் கழற்றி, கிளட்சையும் ஃபிளைவீலையும் எடுத்துவிட்டு, பின்னாலிருந்தே சீலைப் பிடுங்கலாம் என்பர் ஒரு சாரார். இன்ஜினை மொத்தமாக இறக்கித் தரையில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து பார்ப்பதே முறை என்பர் மற்றொரு சாரார். சேம்பர் பேக்கிங் மட்டும்தான் என்றால் இறக்கவே வேண்டாம், மவுண்டிங் போல்ட்டைக் கழற்றி இன்ஜினை மூன்று நான்கு அங்குலம் தூக்கிப் பிடித்தால் சேம்பர் வெளியே வந்துவிடும் என்பர் மூன்றாம் சாரார். சேம்பரைக் கழற்றவிடாமல் குறுக்குச் சட்டம் இடிக்கும் வேன்களுக்கே இப்படித் தூக்குவது தேவைப்படும்.

தூக்குவோர் கட்சிக்கே இக்கட்டுரையாளரின் ஓட்டு, சில நிபந்தனைகளோடு. சேம்பர் வெறும் தகரம். ஜாக்கியை நேராக அதன் வயிற்றில் வைத்துத் தூக்கினால் தகரம் உள்ளே குழியும். ஆயில் உறிஞ்சும் சல்லடை குழியோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் இன்ஜின் ஆயில் இல்லாமலேயே ஓடிப் பிடித்துக்கொள்ளும். சேம்பரைக் கழற்றும் வேலை என்றால் அங்கே முட்டுக் கொடுக்கவும் வழியில்லை. மேலே செயின் பிளாக்கில் கொக்கி மாட்டியே தூக்கவேண்டும். தூக்குமுன் பேட்டரி வயர், ரேடியேட்டர் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் கேபிள், சைலன்ஸர் குழாய், கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் எர்த் வயர் எல்லாவற்றையும் விடுவிக்கவேண்டும். தூக்கியபின் மவுண்டிங் இடைவெளியில் மரக்கட்டை செருகி, பாரத்தைக் கட்டையின் மேல் இறக்கிவிட்டுத்தான் கையை உள்ளே விடவேண்டும். கொக்கியை மட்டும் நம்பிக் கை நீட்டியவரை ஆய்வுக்குத் தகவலாளியாகச் சேர்க்க இயலாது.

சேம்பரை மாட்டும்போதும் ஒரு நுணுக்கம். பழைய போல்ட்டுகளை யாரோ வெறியோடு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகரம் மேல்நோக்கிப் புடைத்திருக்கும். அதைச் சுத்தியலால் தட்டிச் சமமாக்காமல் பேக்கிங் போட்டால், துளைகளில் இறுகி நடுநடுவே வாய் பிளந்து நிற்கும். அதை அடைக்க அனபாண்ட் பசையைத் தாராளமாகப் பிதுக்குவது வழக்கம். வெளியே வழிந்தது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். உள்ளே வழிந்தது காய்ந்து, உதிர்ந்து, சல்லடையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இனி நமது தலையாய கண்டுபிடிப்பு. ஒழுகலுக்குக் காரணமான கிராங்க் சீல் ஒரு ரப்பர் வளையம். உள்ளே சிறு ஸ்பிரிங். விலையோ சில நூறு ரூபாய்க்குள். அதை எட்டுவதற்கான கூலி அதைப் போலப் பல மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வு உரிமையாளர் மனத்தில் ஓர் உறுத்தலை உண்டாக்குகிறது. அப்போது மெக்கானிக் துணியில் கை துடைத்தபடி ஒரு வாக்கியம் சொல்கிறார்: “இறக்கினதோட இறக்கினதா, கிளட்ச் பிளேட்டையும் போட்டுடுங்க சார்.” மறுக்க முடியாத தருக்கம். கிளட்ச் பிளேட் என்றால் பிரஷர் பிளேட். பிரஷர் பிளேட் என்றால் ரிலீஸ் பேரிங். முன்பக்கம் டைமிங் பெல்ட் இருக்கிறது, அதற்குப் பின்னே இன்னொரு கிராங்க் சீல், கேம் சீல். பெல்ட்டைக் கழற்றியபின் வாட்டர் பம்ப்பை விட்டுவைப்பானேன்? மாலைக்குள் ஒரு வளையம் ஒரு பட்டியலாகிறது. இதில் ஏமாற்று எதுவுமில்லை என்பதே வேதனை. கிளட்ச் தேய்ந்திருந்தால் அடுத்த வருடம் அதற்காக மறுபடி இறக்கவேண்டும். கூலியை இருமுறை கொடுப்பதைவிட உதிரிப்பாகத்தை ஒருமுறை வாங்குவது மலிவு. வாட்டர் பம்ப்புக்கு மட்டும் அச்சை ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் மாற்றுவது போதும்.

நல்ல கையின் அடையாளம் புது சீலைச் சேர்க்கும் விதத்தில் தெரியும். பழைய உதடு உராய்ந்து உராய்ந்து கிராங்க் அச்சில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருக்கும். புது உதடும் அதே கோட்டில் உட்கார்ந்தால் அடுத்த மாதமே ஒழுகும். தேர்ந்தவர் உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்க, பழைய சீலையே மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி, இம்மி முன்னே நிறுத்துவார். உதடு தேயாத இடத்தில் அமரும்.

எல்லாம் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அட்டையில் இரண்டு சொட்டு இருக்கும். மெக்கானிக்குக்குப் போன் செய்தால், “அது பழைய ஆயில் சார், சட்டத்துல தேங்குனது, ஓடஓடப் போயிடும்” என்பார். உண்மையாகவே சட்டத்தின் மடிப்புகளில் ஆயில் தேங்கி நாள்கணக்கில் சொட்டும். இவ்வாதம் எத்தனை நாள் செல்லும் என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. டீசல் ஊற்றிக் கழுவிய வண்டிக்கு ஒரு நாள், கழுவாத வண்டிக்கு ஒரு வாரம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. மெக்கானிக்குகள் மழைக்காலம் முடியும் வரை கேட்கிறார்கள்.