பின்னிருக்கைத் தளபதி

நியூசிலாந்தின் வாங்கநுயி ஆற்றில் டௌமாருனுயி தொடங்கி பிப்பிரிக்கி வரை 145 கிலோமீட்டர். கனூ என்ற துடுப்புப் படகில் போனால் ஐந்து நாள். இரவில் கரையோரக் கூடாரம். அந்நாட்டு அரசு இதை 'மாபெரும் நடைப்பயணங்கள்' பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உட்கார்ந்தபடியே போகிற நடைப்பயணம் இது ஒன்றுதான்.

இங்கே வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தளபதி உண்டு. வாடகைப் படகுக்காரர் விளக்கி முடிப்பதற்குள் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்திருப்பார். முன்னிருக்கை மனைவிக்கு. சாமான் நனையாமலிருக்க இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்கள் கொடுப்பார்கள். அதில் ஒன்று முழுக்கத் தளபதியின் காபிச் சாமான்: கொட்டை அரைக்க ஒன்று, வடிகட்ட ஒன்று, தூளை நிறுக்கத் தராசு. இருவருக்கும் ஐந்து நாள் சாப்பாடும் துணிமணியும் மிச்ச இடத்தில்.

கனூவில் முன்னால் இருப்பவர் துடுப்பை வலித்து வேகம் கொடுப்பார், பாறை தெரிந்தால் சொல்வார். திருப்புவது பின்னால் இருப்பவர் பொறுப்பு. வலப்பக்கம் துடுப்புப் போட்டால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். ஆகவே தளபதி "வலது! வலது!" என்று அலறும்போது, துடுப்பைச் சொல்கிறாரா, போக வேண்டிய திசையைச் சொல்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சமில்லை. மனைவி கேட்டு முடிப்பதற்குள் படகு சுழன்று, பின்பக்கமாகவே நீரோட்டத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். தளபதி படைக்கு முன்னால் போவது அப்போது மட்டும்தான்.

பழி முதலில் மனைவிமேல் விழும். பிறகு துடுப்பு, காற்று, கடைசியில் ஆறு. ஆற்றைத் திட்டும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துத் திட்ட வேண்டும். 2017இல் சட்டம் இயற்றி வாங்கநுயியைச் சட்டப்படி ஒரு நபராகவே ஆக்கிவிட்டார்கள். அதன் சார்பில் பேச இரண்டு பேரும் உண்டு. ஆறு மானநஷ்ட வழக்குப் போட்டால், முன்னிருக்கைச் சாட்சி யார் பக்கம் பேசுவார் என்று சொல்லத் தேவையில்லை.

வழியில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தால் 'எங்கும் போகாத பாலம்' வரும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களைக் குடியேற்றிய பள்ளத்தாக்குக்காக 1936இல் கட்டி முடித்தது. அங்கே பிழைக்க முடியாமல் மக்கள் போய்விட்டார்கள், பாலம் நிற்கிறது. அதன் நடுவில் நின்று, அரசாங்கங்களுக்குத் திட்டமிடத் தெரியாததைப் பற்றித் தளபதி நீண்ட உரை ஆற்றுவார். கூடாரத்தின் கம்பிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர் அவர்தான்.

கடைசி நாள் 'ஐம்பதுக்கு ஐம்பது' என்றொரு வேக நீரோட்டம். பாதிப் படகுகள் கவிழும் என்பதால் அந்தப் பெயர். தளபதி எந்தப் பாதியில் சேர்வார் என்று ஊகித்திருப்பீர்கள். தண்ணீரிலிருந்து தலை தூக்கியதும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "வலதுன்னுதானே சொன்னேன்!"

உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்தால் பின்னிருக்கையைக் கொடுத்துவிடுங்கள்; முன்னால் உட்காரவைத்தாலும் கத்தத்தான் போகிறார். சாப்பாட்டு டிரம்மை மட்டும், அவர் கட்டிய முடிச்சை அவிழ்த்து, நீங்களே ஒருமுறை படகோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.