அடுப்படி அலமாரிக்கு ஸ்டெயின் அடித்தலும் துடைதுணிச் சிக்கலும்: ஒரு முன்னோடி ஆய்வு

1. ஆய்வின் தேவை

எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் கண்ட தமிழில், ஆசாரி செய்து வைத்துவிட்டுப் போன வெறும் மர அலமாரிக்கு வீட்டுக்காரரே ஸ்டெயின் அடிப்பது பற்றி ஒரு நூற்பாகூட இல்லை. இப்பெருங்குறையைக் களைய எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வு எல்லை: வடக்கே ஓமலூர், தெற்கே பரமத்தி வேலூர், கிழக்கே ஆத்தூர், மேற்கே காவிரி. காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் பாடு. ஆய்வுக் காலம்: "நாளைக்கு வந்தர்றனுங்க" என்று பெயிண்டர் சொன்ன நாள் தொடங்கி, அவர் வராத இன்றைய நாள் வரை.

2. முன்னாய்வுகள்

இத்துறைக்குக் கிடைத்துள்ள மூலநூல் ஒன்றே. அது பெயிண்ட் கடை ரசீதின் பின்பக்கத்தில் கடைப் பையன் பென்சிலால் எழுதிக் கொடுத்தது. முதல் வரி: தின்னர் கொஞ்சம். கொஞ்சம் என்பது எவ்வளவு என்பதில் அறிஞர்கள் வேறுபடுவர். பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருள் சொன்னார் அல்லவா? அம்முறையைப் பின்பற்றி, இவ்வரியை ரசீதின் முன்பக்கத்தில் உள்ள ஒரு லிட்டரோடு கூட்டிப் பொருள் கொண்டவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு அலமாரிகள் இன்றும் வெளுத்தே நிற்கின்றன.

3. மரப் பாகுபாடு

தேக்கு: ஆய்வாளரின் சம்பளத்துக்கு அப்பாற்பட்டது.

வேம்பு: பூச்சி எளிதில் அண்டாது. கிராமத்தில் நிலைக்கும் சன்னலுக்கும் போனது போக மிஞ்சினால் அடுப்படிக்கு வரும்.

சில்வர் ஓக்: ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பிறந்து, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நின்று, மிளகுக் கொடியைச் சுமந்து, கடைசியில் அலமாரிக் கதவாகக் கீழே இறங்கி வந்தது. பலகையாக அறுத்தால் ரேகைக்கு இடையே மினுமினுக்கும் திட்டுகள் தெரியும். ஸ்டெயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் இதைத் தொட வேண்டாம்.

பைன்: இறக்குமதிப் பெட்டிகளை உடைத்து எடுப்பது. சாயத்தை ஓரிடத்தில் குடிக்கும், ஓரிடத்தில் துப்பும். முதலில் நீர்க்கக் கரைத்த அரக்கை ஒரு கை பூசிக் காயவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

வெனீர் ஒட்டிய பிளைவுட்: மேல்தோல் மெலிது. அழுத்தித் தேய்த்தால் அடியில் உள்ள பசையோடு அறிமுகம் கிடைக்கும்.

4. உப்புத்தாள் இயல்

முதலில் 120, பிறகு 180, முடிவில் 220. எப்போதும் ரேகை ஓடும் வாக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்த கீறல் வெறும் மரத்தில் கண்ணுக்குப் படாது. ஸ்டெயின் பட்ட மறுகணம் அத்தனையும் கருத்து எழுந்து நிற்கும். ஆசாரி பசை சிந்திய இடத்தில் சாயம் ஏறாது. சுரண்டி எடுக்க வேண்டும். பலகையின் வெட்டு முனை மற்ற இடத்தைவிட அதிகமாகக் குடித்துக் கறுக்கும். ஆகவே அங்கே இன்னும் நைசாகத் தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்துவிட்டு, கதவின் உட்புறத்தில் ஒரு மூலையில் பூசிப் பார்த்த பிறகே வெளிப்புறத்துக்குப் போக வேண்டும்.

இத்துறையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஏறத்தாழ இவ்வளவுதான். ஆகவே இதற்கு இவ்வளவு இடம் போதும். மேலும் எழுதினால் யாருக்காவது பயன்பட்டுவிடும். ஆய்வு நெறிக்கு அது பொருந்தாது.

5. துடைதுணி இயல்

பூசிய ஸ்டெயினைச் சில நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். எந்தத் துணியால்? தமிழறிவுலகம் இதுவரை சந்திக்காத கேள்வி இது. மூன்று பள்ளிகள் உள.

5.1 வேட்டிப் பள்ளி. பல வெளுப்புக் கண்ட பழைய வேட்டியே சிறந்தது, நூல் பிசிறு விடாது என்பது இவர்கள் கொள்கை. வெண்பட்டு நெய்த சேலத்துக்கு இந்தப் பற்று இயல்பே. இப்பள்ளி கரை கிழித்தோர், கரை கிழியாதோர் என இரண்டாகப் பிரிந்து, ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு மற்றவர் போவதில்லை. (காண்க: பீரோ மேல்தட்டு, பழந்துணி மூட்டை, வலது மூலை, வண்ணான் குறி தெளிவில்லை.)

5.2 லுங்கிப் பள்ளி. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகளை அடியொற்றியது. இங்கு எழும் தத்துவச் சிக்கல் பெரிது. தின்னர் பட்டதால் லுங்கியின் பச்சைக் கட்டம் கரைந்து கதவில் ஏறிவிட்டால், அந்நிறத்தின் ஆசிரியர் யார்? அலமாரிக்காரரா, தறிக்காரரா? இடைச்செருகல் என்று ஒதுக்குவாரும் உளர். (காண்க: மேற்படி மூட்டை, அடிப்பகுதி, மூட்டைக்கு உரிமையாளரான மாமியார் தூங்கும் மதியப் பொழுதில் மட்டும் பார்வைக்குக் கிடைக்கும்.)

5.3 பனியன் வேஸ்ட் பள்ளி. திருப்பூரில் வெட்டி எஞ்சி, கிலோ கணக்கில் நாமக்கல் லாரி பாடி பட்டறைகளுக்கு வந்து சேரும் துண்டுகளை ஆதரிப்பது. லாரிக்குத் தாங்கியது அலமாரிக்குத் தாங்காதா என்பது இவர்களது ஒரே வாதம். அதை மறுப்பார் இல்லை. (வாய்மொழித் தரவு: திருச்செங்கோடு சாலை டீக்கடை, மேற்குப் பெஞ்ச். தகவலாளர் வாக்கியத்தின் நடுவில் பஸ் ஏறிவிட்டதால் பயனிலை சங்ககிரிக்குப் போய்விட்டது. அதை மீட்டு வர நல்கை கோரி விண்ணப்பித்து, முன்பணம் பெற்று, அதில் ஒரு முன்னுரை எழுதப்பட்டுள்ளது.)

தேங்காய்ப்பூத் துண்டு: பஞ்சு ஒட்டும். விலக்குக.

5.4 மூலபாடச் சிக்கல். களப்பணியில் ஒரு வேட்டியைக் கிழிக்க முற்பட்டபோது, "ஏனுங்க, அது உங்கப்பா கல்யாண வேட்டிங்க" என்று அடுப்படியிலிருந்து ஓர் எதிர்ப்புரை எழுந்தது. "அது கிரகப்பிரவேசத்துக்கு எடுத்ததுடி" என்பது திண்ணையிலிருந்து வந்த மாமியார் பாடம். சான்றாக நிற்பது ஒரு முனையில் உள்ள மஞ்சள் கறை மட்டுமே. ஆனால் மஞ்சள் இரண்டு சடங்குக்கும் பொது. இதில் மூன்று முனைவர் பட்டங்களுக்கு இடமுண்டு: கறைக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்று. கட்டணம் கட்டினால் அடுத்த வாரமே அச்சிடும் ஆய்விதழ்கள் இருப்பதால் நெறியாளர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

6. மேற்பூச்சு

ஸ்டெயின் நிறம் மட்டுமே தரும், காப்பு தராது. தாளிப்பு எண்ணெயும் சோற்று ஆவியும் படும் இடத்தில் அதன்மேல் பாலியூரித்தேன் இரண்டு கை கட்டாயம் வேண்டும். ஒரு கை காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த கை. ஐப்பசி மழையில் பூசினால் காயாது. சித்திரையில் ஸ்டெயின் பூசும்போதே காய்ந்து பட்டை பட்டையாக நிற்கும். தை, மாசியில் காலை வேளை உத்தமம்.

7. முடிவுரை

மூன்று பள்ளியினரும் துணியின் குலம் கோத்திரம் பேசிக்கொண்டிருக்க, துடைத்த துணி என்ன ஆனது என்று எவரும் கேட்கவில்லை. ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயினில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தீக்குச்சி தேவையில்லை. இந்த எச்சரிக்கை பல டப்பாக்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உண்டு. மேற்கோளுக்குத் தகுதியற்ற மூலம் என்பதால் ஆய்வாளர் எவரும் அதைப் படிப்பதில்லை.

ஆகவே துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடவும். கல்யாண வேட்டியானாலும் சரி, கிரகப்பிரவேச வேட்டியானாலும் சரி.