மட்டாஞ்சேரி உபசாரத் தட்டு: ஒரு தத்துவ விசாரம்

மனிதன் பசிக்காகத் தின்பதைப் பற்றி வைத்தியர்களும், ருசிக்காகத் தின்பதைப் பற்றி ரசிகர்களும் வேண்டிய மட்டும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். பசியுமின்றி, பெரிய ருசியையும் எதிர்பாராமல், பிறர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்ட ஒரே குற்றத்துக்காக அவன் தின்ன நேர்வதைப் பற்றி மட்டும் சாஸ்திரம் ஏதும் ஏற்படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்த இவ்விசாரத்தின் கேள்வி ஒன்றே: வாசற்படி ஏறி வருபவர் எக்குலத்தவராயினும், எந்தத் திதியில் வந்தவராயினும், மறுப்பதற்கு ஆசார ரீதியான காரணம் அகப்படாத பலகாரம் உலகில் உண்டா, இல்லையா?

ஆராய்ச்சிக்குக் களமாகக் கொச்சி மட்டாஞ்சேரியைத் தேர்ந்துகொண்டதற்குத் தக்க ஹேது உண்டு. ஒரே ஜாதியார் வாழும் கிராமத்தில் உபசாரம் ஒரு பிரச்னையே ஆகாது. அங்கே தன் வீட்டில் தின்னத் தகுந்தது அடுத்த வீட்டிலும் தின்னத் தகுந்ததே. மட்டாஞ்சேரியின் சங்கதி வேறு. 1341-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் முசிறித் துறை தூர்ந்து, கொச்சியின் கழிமுகம் திறந்துகொண்டதாகச் சரித்திரக்காரர் சொல்வர். அதன் பின்னர் கடல் வழியாகவும் கரை வழியாகவும் வந்து சேர்ந்தோர் அநேகர். போர்த்துகீசியரின் மதத் துன்பம் பொறுக்காமல் கோவாவை விட்டு வந்த கொங்கணிகள் சேர்லாயில் திருமலை தேவஸ்வத்தைச் சுற்றிக் குடியேறினர்; பரதேசி யூதர் 1568-இல், ராஜாவின் அரண்மனைக் கோயிலை ஒட்டினாற்போலவே தம் ஜெபாலயத்தைக் கட்டிக்கொண்டனர்; குஜராத்தி வர்த்தகர்கள் ஒரு வீதிக்கே தம் பெயரைக் கொடுத்து, 1904-இல் தர்மநாதருக்கு ஜினாலயமும் எழுப்பினர்; இவர்களுக்கிடையே கச்சி மேமன்களும், தக்கணிகளும், மாப்பிள்ளைமாரும், கிறிஸ்தவரும், தமிழ்ப் பிராமணரும், சற்றுத் தள்ளி வேளியின் தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணாரும் என்று, கூப்பிட்டால் கேட்கும் தூரத்துக்கு ஒரு பாஷையாகவும் ஒரு ஆசாரமாகவும் ஊர் அமைந்துபோயிற்று.

இத்தனை பேரையும் ஒருவர் வீட்டுக்கு மற்றவரைப் போகச் செய்த புண்ணியம் சமரச ஞானத்தைச் சேராது, மிளகைச் சேரும். கணக்கு முடிக்கக் கொங்கணி வீட்டுக்கு யூதரும், பாக்கி கேட்க யூதர் வீட்டுக்குக் குஜராத்தியும் போயே ஆகவேண்டியிருந்தது. போனவருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். கொடுத்ததை அவர் தின்றாக வேண்டும். தின்னாமல் எழுந்துவிட்டால் சரக்கின் விலையே ஆட்டம் காணும். இஸ்ரேல் தேசம் பிறந்த 1948-க்குப் பின் யூதரில் மிகப் பலர் கப்பலேறிவிட்டனர் என்றாலும், கேள்வி கப்பலேறவில்லை.

இனிப் பிரமாணங்கள். நையாயிகர் கூறுபவற்றுள் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்னும் மூன்றை இங்கே அங்கீகரிக்கிறோம். பலகாரத்தைத் தின்று பார்ப்பது பிரத்தியட்சம். உள்ளறையில் தகர டப்பாவின் மூடி திறக்கும் ஓசையைக் கொண்டு வரவிருப்பது முறுக்கா மிக்சரா என்று துணிவது அனுமானம். பாட்டிமார் சொன்னது ஆப்தவாக்கியம். மூன்றும் முரண்படும் இடத்தில் பாட்டியே பிரபலம்.

உபசாரப் பலகாரத்தின் லட்சணம் வருமாறு. ஒரு கையின் விரல் நுனிகளாலேயே எடுக்கத் தக்கதாய், மறு கை தம்ளருக்கு ஒழிந்திருக்க இடம் தருவதாய், இலையும் கரண்டியும் கேளாததாய், இரண்டு கடிக்குள் முடிந்து பேச்சை விட்ட இடத்தில் தொடர அனுமதிப்பதாய், விருந்தாளி செருப்பைக் கழற்றி நாற்காலியில் அமர்வதற்குள் வெளியே வரக்கூடியதாய் இருக்க வேண்டும். இந்தக் கடைசி லட்சணத்தினாலேயே உப்புமா முதல் பிரிவிலேயே தள்ளுபடியாகிறது. அது விருந்தாளியை வரவேற்பதைக் காட்டிலும் காக்க வைப்பதிலேயே பேர் பெற்றது.

எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்போம். யூதர் வீட்டுப் பாஸ்டல், கோழிக்கறியைப் பூரணமாக வைத்து அரை வட்டமாக மடித்துப் பொரித்த உயர்ந்த பண்டம். மாப்பிள்ளைமாரின் இறச்சிப் பத்திரியும் அவ்வாறே. ஆனால் ஊரில் பாதிப் பேர் அவற்றைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. மேலும் மாப்பிள்ளை வீட்டு இறைச்சியை யூதரும், யூதர் வீட்டு இறைச்சியை மேமன்களில் கண்டிப்பானவர்களும் அறுத்த விதம் விசாரியாமல் தொடார். ஆகவே மாமிச வர்க்கம் முழுவதும் நீங்கிற்று. கிறிஸ்தவர் இல்லத்து அச்சப்பம், பார்வைக்குப் பூவினும் மெல்லியதாயினும், மாவில் முட்டை சேர்ந்திருப்பதால் தமிழ்ப் பிராமணராகிய பட்டர் வீட்டாருக்கு விலக்கு. குழலப்பத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் அரைபட்டிருக்கின்றன. பருப்புவடையில் வெங்காயம் பகிரங்கமாகவே காட்சி தருகிறது. சமோசாவுக்குள் உருளைக்கிழங்கு ஒளிந்திருக்கிறது. மண்ணுக்குள் விளையும் கிழங்கை ஜைனர் தீண்டார். ஆகவே இம்மூன்றும் குஜராத்தி ரோட்டில் செல்லா.

இவ்வளவோடு நின்றால் முறுக்கு வென்றுவிட்டது என்று தமிழ் வாசகர்கள் மகிழ்வார்கள். பொரித்த முறுக்குக்குப் பத்து என்னும் தீட்டு இல்லை என்ற ஆப்தவாக்கியமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆயினும் கொங்கணியும் தமிழ்ப் பிராமணரும் அனுஷ்டிக்கும் ஏகாதசி என்ற ஒன்று மாதம் இரு முறை வருகிறது. அன்று தானியம் ஆகாது. அரிசி மாவும் உளுத்தம் மாவும் சேர்ந்த முறுக்கு அந்தத் திதியில் தேங்குழல், தட்டை, சீடை ஆகிய தன் பந்து மித்திரர்களோடு டப்பாவுக்குள்ளேயே உபவாசம் இருக்க வேண்டியதுதான். கொங்கணிகளின் அம்படோவுக்கும் உளுந்தே ஆதாரமாதலால் அதே கதி. குஜராத்திகளின் காக்ரா கோதுமையால் ஆனது. அதற்கு ஏகாதசி ஒரு பகை, யூதரின் பஸ்கா வாரம் மற்றொரு பகை. அதை ஒடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பது லட்சணத்துக்கே விரோதம்.

முந்திரிப்பருப்பு எல்லா மதத்தையும் தாண்டிவிடும். ஆனால் குடும்ப வரவு செலவைத் தாண்டாது. விருந்தாளி எடுக்கும் ஒவ்வொன்றையும் வீட்டுக்காரர் கண் பின்தொடர்ந்தால் அதற்கு உபசாரம் என்று பேரிடலாகாது. நிலக்கடலை மண்ணுக்குள் விளைந்தும், கிழங்காகாமையால் ஜைனரிடம் மன்னிப்புப் பெற்ற சாமர்த்தியசாலி. எனினும் அதற்குரிய இடம் கடற்கரையும் காகிதப் பொட்டலமும். கடலையை வைத்துவிட்டு ‘உபசரித்தோம்’ என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் இல்லத்தரசி இன்னும் பிறக்கவில்லை.

இவ்வாறு ‘இதுவல்ல, இதுவல்ல’ என்று கழித்து வந்தால் தட்டில் மிஞ்சுவது நேந்திரங்காய் வறுவல் ஒன்றே என்பது சித்தாந்தம். காயாதலால் தானிய தோஷம் இல்லை. மாமிசமும் பாலும் கலவாமையால் யூதரின் இரு வகைப் பாத்திரங்களுக்கும் அது பொது. வெங்காயம் பூண்டு இல்லை. மரத்தின் மேல் காய்ப்பதாதலால் கிழங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. உருளைக்கிழங்குக்குப் பதிலாக வாழைக்காயைப் பயன்படுத்துவது ஜைன சமையலில் நெடுநாள் வழக்கமும்கூட. ‘மஞ்சள் கிழங்கல்லவா?’ என்று ஒரு பூர்வபட்சி இங்கே குறுக்கிடுவான். பச்சை மஞ்சளை விலக்கும் ஜைனர் உலர்ந்த மஞ்சள்தூளை ஏற்கின்றனர். இஞ்சியை விலக்கிச் சுக்கை ஏற்பதும் அந்த நியாயப்படியே. பூர்வபட்சி உட்காரலாம்.

அதன் உற்பத்தியைக் கிட்ட நின்று பார்ப்பது அவசியம். முற்றிய பச்சை நேந்திரங்காயைத் தோல் சீவி, கறை நீங்க மஞ்சள் நீரில் போட்டுத் துடைத்து, காய்ந்த தேங்காயெண்ணெய்க்கு நேர் மேலேயே பலகையைப் பிடித்துச் சீவுவார்கள். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்ட அவகாசமின்றித் தனித்தனியே எண்ணெயில் விழும். பாதி வேக்காட்டில் ஒரு கரண்டி உப்பு நீரைக் கொதிக்கும் எண்ணெயிலேயே ஊற்றுவது, புதிதாய்ப் பார்ப்பவரை இரண்டடி பின்வாங்கச் செய்யும் கட்டம். உருளி பெருஞ்சினத்தோடு சீறும். நீர் வற்ற வற்றச் சீற்றம் தணியும். அடங்கிய பின், கிளறும் கரண்டியில் பட்டு வில்லைகள் கலகலக்கும். அந்தக் கலகலப்புத்தான் பதம். கடிகாரம் பார்த்து எடுப்பவரின் வறுவல் ஒன்று சவசவக்கும், அல்லது கருகும். உலகத்துக்கே மிளகு அனுப்பிய துறைமுகத்தின் உபசாரத் தட்டில் உப்பும் மஞ்சளும் தவிர வேறு காரசாரம் இல்லை என்பதைப் பொருளாதார சாஸ்திரிகள் கவனிக்க வேண்டும்; விற்கும் சரக்கை வீட்டில் செலவழிக்காதது வர்த்தகத்தின் பாலபாடம்.

இதே காயிலிருந்து பிறந்த சர்க்கரைப் புரட்டி, வெல்லப்பாகும் சுக்கும் பூசிக்கொண்டு வருவதால், தமையனைக் காட்டிலும் கவர்ச்சியுடையது. ஆனால் ஒட்டாமலிருக்கக் கடைசியில் தூவும் ஒரு பிடி அரிசி மாவினால் ஏகாதசிப் பரீட்சையில் தவறிவிடுகிறது. ஒரு பிடி மாவில் சர்வஜன சம்மதம் கைநழுவிப் போன துயரம் வேறெந்தப் பண்டத்துக்கும் நேர்ந்ததில்லை. பழம்பொரியோ மைதாவில் முங்கியது; தவிரவும் ஆறினால் அதற்கு மானம் போய்விடும்.

ஆட்சேபங்கள் இரண்டை மட்டும் பரிசீலிப்போம். அஸ்தமனத்துக்குப் பின் ஜைனரும், ரமலான் பகலில் முஸ்லிம்களும் வறுவலையும் தின்னார் அல்லவா என்பது முதலாவது. அது பொழுதின் மேல் வந்த விலக்கேயன்றிப் பண்டத்தின் மேல் வந்ததன்று. டப்பாவில் மூடி வைத்தால் வறுவல் காத்திருக்கும். தேங்காயெண்ணெய் வாசனை கிழக்கேயிருந்து வரும் விருந்தாளிக்குப் பிடிக்காது என்பது இரண்டாவது. நல்லெண்ணெய்ப் பிரதேசத்தார் முதல் வில்லைக்கு மூக்கைச் சுளிப்பது பிரத்தியட்சம்; ஐந்தாவதுக்கு யாரும் சுளித்ததில்லை என்பதும் பிரத்தியட்சம்.

இவற்றுக்கும் மேலாக, வறுவலுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வடையை எண்ணலாம். தட்டில் நான்கு வைத்தால், மூன்று போனபின் மிஞ்சும் நாலாவது வடை இரு தரப்புக்கும் இடையே ஒரு தர்மசங்கடமாய் உட்கார்ந்திருக்கும். விருந்தாளி எடுத்தால் பேராசை, எடுக்காவிட்டால் ருசியில்லை என்று அர்த்தம். வறுவலுக்குக் கணக்கு இல்லை. கடைசித் துண்டு என்று ஒன்று இல்லாமல், நொறுங்கி நொறுங்கித் தூளாய் முடிகிறது. எவ்வளவு தின்றோம் என்பது தின்றவருக்கும் தெரியாது. கொடுத்தவருக்குத் தெரிந்தாலும் நிரூபிக்க முடியாது.

ஆயினும், சகல மதங்களையும் சமாதானப்படுத்திவிட்ட இச்சித்தாந்தத்துக்குச் சமீப காலத்தில் ஒரு புதிய மார்க்கத்தார் பலத்த எதிரிகளாய்க் கிளம்பியிருக்கின்றனர். அவர்கள் கொங்கணியிலும் இருக்கிறார்கள், குஜராத்தியிலும் இருக்கிறார்கள், மேமனிலும் பட்டரிலும் இருக்கிறார்கள். மற்ற மார்க்கங்கள் தானியத்தையோ கிழங்கையோ மட்டும் விலக்க, இவர்கள் உப்பு, எண்ணெய், இனிப்பு மூன்றையும் ஒருங்கே விலக்குவர். இவர்களுக்கு வேதம் வைத்தியர் எழுதித் தந்த சீட்டு. தட்டு வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, ரத்த அழுத்தத்தின் எண்களை ஸ்தோத்திரம்போல் ஒப்பித்து, ‘எனக்கு வேண்டாம், காப்பிகூடச் சர்க்கரை இல்லாமல்’ என்று தீர்மானமாகச் சொல்லிவிடுவார்கள். சித்தாந்தம் இங்கே தோற்றதா?

தோற்கவில்லை. வாய் மறுத்த பிற்பாடு வீட்டுக்காரர் வற்புறுத்தக் கூடாது. தட்டை உள்ளே எடுத்துப் போகவும் கூடாது. எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, மிளகு விலையையோ ஒன்றுவிட்ட மைத்துனன் கல்யாணத்தையோ ஆரம்பித்துவிட வேண்டும். பேச்சு சூடுபிடித்த கால் மணிக்குள், பேசிக்கொண்டிருக்கும் வாய்க்குச் சற்றும் அறிவிக்காமல், விரல்கள் தாமாகவே போய் ஒரு வில்லையை எடுத்து வரும். விரதம் பூண்டது வாய். விரல் எந்தச் சீட்டிலும் கையெழுத்திட்டதில்லை. ஆகையால் விரலால் எடுக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று லட்சணத்தின் முதல் உறுப்பாக நாம் விதித்தது வெறும் சௌகரியத்துக்காக அன்று என்பதும், வறுவலைக் கரண்டியோடு பரிமாறும் நவீன வழக்கம் சாஸ்திர விரோதம் என்பதும் இதனால் நிச்சயிக்கப்பட்டன.